ரேஞ்சர் படிப்புக்குப் பதினாறு மைல்

காட்டை நிர்வாகம் பண்ணுவதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது என்று நான் வீட்டில் சொன்னபோது, என் அப்பா சிரித்த சிரிப்பில் அவர் வாயிலிருந்த வெற்றிலை என் சட்டைமேல் தெறித்தது.

"காடு தானா மொளைக்குது, தானா வளருது, தானா பட்டுப்போவுது. அதுக்கு இன்னாத்துக்குடா மேனேஜரு?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பொன்றும் இல்லை. அந்தப் படிப்பில் சேர்ந்து, வெயிலில் சங்கிலி இழுத்து நிலம் அளந்த நாட்களில் நானே அதைப் பல தடவை கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்டர்மீடியட் தேறினவர்களைப் பொறுக்கியெடுத்து, மலையடிவாரத்தில் இருந்த ஒரு கல்லூரியில் இரண்டு வருஷம் போட்டு வறுப்பார்கள். மரத்தின் சுற்றளவை நாடா வைத்து அளக்க வேண்டும், காட்டுக்குள் பாதை போட வேண்டும், வனச் சட்டம் நெட்டுருப் போட வேண்டும். ஐம்பது வருஷம் கழித்து வெட்டப்போகிற மரத்துக்கு இன்றைக்கே திட்டம் எழுத வேண்டும். எங்கள் சேரியில் நாளைக் கஞ்சிக்கே யாரும் திட்டம் போட்டது கிடையாது. அங்கிருந்து போன எனக்கு ஐம்பது வருஷத் திட்டம் என்றதும் மயக்கம் வராத குறைதான்.

ஆனால் அதெல்லாம் உள்ளே நுழைந்த பிறகு. நுழைவதற்கு முன்னால் ஒரு வில்லங்கம் இருந்தது. பரீட்சை எழுதி, நேர்முகம் முடிந்து, தேர்வானவர்கள் எல்லோரும் பதினாறு மைல் தூரத்தை நாலு மணி நேரத்துக்குள் நடந்து காட்ட வேண்டும். காட்டை நிர்வாகம் பண்ணப் போகிறவனுக்குக் கால்தான் ஆபீஸ் என்பது அவர்கள் கட்சி.

இதைக் கேட்டதும் அப்பாவுக்கு இரண்டாவது தடவை சிரிப்பு வந்தது. "நடந்து காட்டினா உத்தியோகமா? அப்டீன்னா இந்தச் சேரில கீற அத்தினி பேரும் கலெக்டருதாண்டா!"

அவருக்கு இதைச் சொல்ல எல்லா உரிமையும் உண்டு. ஏனென்றால் நடப்பதுதான் அவர் வேலை. பெரிய தெருவில் யாராவது செத்துப்போனால், அந்த வீட்டுச் சொந்தக்காரர்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்களோ அந்தந்த ஊருக்கெல்லாம் நடந்துபோய் எழவு சொல்லிவிட்டு வரவேண்டியது எங்கள் வீட்டு முறை. தாத்தா செய்தார், அப்பா செய்தார். எழவு சொல்லப் போகிறவனுக்குச் சட்டதிட்டம் இருந்தது. காலில் செருப்பு கூடாது. வழியில் உட்காரக் கூடாது. யார் கொடுத்தாலும் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது. நின்று கதை பேசக் கூடாது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் ஒரு கோலோடு போய்க்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவுக்கும் கூலி ஒரு மரக்கால் நெல். அதையும் இரண்டு நாள் அலையவிட்டுத்தான் அளப்பார்கள்.

அப்பாவுக்குப் பிறகு நான் என்று ஊர் மணியக்காரர் எப்போதோ முடிவு பண்ணியிருந்தார். நான் காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போனபோது சிலர் அவரிடம் போய், பையன் கைவிட்டுப் போய்விடுவான் என்று மூட்டிவிட்டார்கள். அந்த மனுஷர் பதறவே இல்லை. "படிக்கட்டும், படிக்கட்டும். படிச்சான்னா எழவ தெளிவா சொல்லுவான்" என்றாராம்.

இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. ஆகவே விஷயம் இவ்வளவுதான். அந்தப் பதினாறு மைலை நான் ஒரு நாள் சரியாக நடக்காவிட்டால், ஆயுசு முழுக்க நடக்க வேண்டியதுதான்.

என் தலையெழுத்து, எங்கள் வட்டாரத்துப் பையன்களுக்கு அந்த நடையை உத்திரமேரூரிலேயே வைத்தார்கள். அதிகாரிகள் வந்தால் தங்குகிற முசாபரி பங்களாவில் புறப்பட்டு, சாலவாக்கம் ரோடில் போய், சாலவாக்கத்தை அடுத்த ஒரு மைல்கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அந்த ரோடில் முதல் ஊர் எங்கள் ஊர். அதற்கப்புறம் வருகிற ஊர்களிலெல்லாம் எங்கள் சொந்தக்காரர்கள். எங்கள் ஜனம் பெண் கொடுத்ததும் எடுத்ததும் அந்த ரோடை விட்டு இறங்கியதே இல்லை. பழகின ரோடு, பழகின மனுஷர்கள், இனி என்ன கவலை என்று நான் சந்தோஷப்பட்டேன். அடிமுட்டாள் என்றால் நான்தான்.

அன்றைக்கு விடியும்போதே பங்களா வாசலில் நாலு பேர் நின்றோம். மெட்ராஸிலிருந்து வந்த ஒருத்தன் புது ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தான். அது நடக்க நடக்கக் கிறீச் கிறீச்சென்று கத்தியது. எனக்கு ஷூவும் கிடையாது, செருப்பும் கிடையாது. ஹாஸ்டலில் இரவல் வாங்கின காக்கி நிஜார். வெயிலுக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டேன். வழியில் நாய்த் தொல்லை உண்டென்று கையில் ஒரு கோல் எடுத்துக்கொண்டேன். இதில் ஏதாவது உங்களுக்குத் தட்டுப்படுகிறதா? எனக்குத் தட்டுப்படவில்லை.

வராந்தாவில் ஜில்லா வன அதிகாரி டீயும் கைக்கடிகாரமுமாக உட்கார்ந்திருந்தார். எங்களோடு சைக்கிளில் வந்து கண்காணிக்க ஒரு ரேஞ்சர். காக்கி உடுப்பு, தொப்பி, நல்ல தொந்தி. அவர் சட்டம் படித்தார். "நிக்கக் கூடாது. ஓடக் கூடாது. வண்டி வாகனம் ஏறக் கூடாது. மீறினா சீட்டு கிழிஞ்சிடும்."

அப்பா இதைப் பார்க்க வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "ஒருத்தன் நடக்கறத வேடிக்க பாக்க இன்னா கீது?" என்பது அவர் கேள்வி. எப்படியாவது அவரை இழுத்துக்கொண்டு நடை முடிகிற நேரத்துக்கு பங்களாவுக்கு வந்துவிடுவதாக அம்மா என்னிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தாள்.

கிளம்பினேன். எங்கள் ஊர் வருவதற்குள்ளேயே மெட்ராஸ்காரனின் கிறீச் சத்தம் பின்னால் தேய்ந்துவிட்டது. மற்ற இரண்டு பேரும் அதற்கும் பின்னால். எங்கள் சேரியில் எல்லோருக்கும் விஷயம் தெரியும், பெரிய தெருவுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. அதைத் தாண்டின பிறகுதான் ஆரம்பித்தது.

ரோடோரக் கழனியில் நடவு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் வரிசையில் என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, குனிந்த தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"டேய் கண்ணு! எங்கடா போற? இன்னா ஆச்சி?"

நான் நிற்க முடியுமா? நடந்துகொண்டே கத்தினேன். "ஒண்ணுமில்ல அத்த! அப்பறம் சொல்றேன்!"

"வந்து ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போடா!"

"வாணா அத்த! நிக்கக் கூடாது!"

அத்தை கையிலிருந்த நாற்று முடி கீழே விழுந்தது. அவள் கண்ணால் கொஞ்சம் பாருங்கள். வெறுங்கால், தலையில் துண்டு, கையில் கோல். தண்ணீர் குடிக்கமாட்டேன் என்கிறான், நிற்கமாட்டேன் என்கிறான். எழவு சொல்லப் போகிறான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எழவு சொல்வது அவள் அண்ணன் வேலை. அண்ணன் வராமல் மகன் நடக்கிறான் என்றால், அண்ணனால் நடக்க முடியவில்லை என்றுதானே அர்த்தம்? நெருங்கின சொந்தம் நட்ட நடுக் கழனியில் மயக்கம் போட்டு விழக் கூடாதென்று, சொல்லப் போகிறவன் முதலில் ஒண்ணுமில்லை என்றுதான் ஆரம்பிப்பான். அதுவும் முறைதான். நான் ஒரு முறையையும் விட்டுவைக்கவில்லை.

பின்னால் "ஐயோ எங்கண்ணே!" என்று ஓர் அலறல் கேட்டது. யாரையோ பாம்பு கடித்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டேன்.

அடுத்த ஊரில் என் தாய்மாமன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அப்பாவுக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. என் பெற்றோர் கல்யாண விருந்தில் அவர் இலைக்கு வெறும் எலும்பாகப் போட்டுவிட்டார்கள் என்று வந்த சண்டை.

"இன்னா மருமவனே, உங்கப்பன் அனுப்பிச்சானா?" என்றார் கிண்டலாக.

"இல்ல மாமா! இனிமே அவரு எங்க அனுப்பறது? நானேதான் போறேன்!"

உத்தியோகத் திமிரில் சொன்னது அது. திரும்பிப் பார்த்தேன். மாமா சொம்பைப் பிடித்தபடி நின்றார். தண்ணீர் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

மைல்கல்லைத் தொட்டபோது ரேஞ்சர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்லியே! எங்கேப்பா இப்படி நடக்கக் கத்துக்கிட்ட?" என்றார்.

"பரம்பரை சார்" என்றேன்.

திரும்பி இரண்டு மைல் வந்திருப்பேன். எதிரே ரோடு முழுக்க ஜனம். மாரியம்மன் திருவிழா இந்த மாதத்தில் இல்லையே என்று யோசிப்பதற்குள் என் அத்தை கூட்டத்திலிருந்து பாய்ந்து வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சேறு கழுவாத கை. அப்படியே ஓங்கி ஒப்பாரி எடுத்தாள்.

"காட்டுக்கு மேனேஜர பெத்தன்னு சொன்னியே எங்கண்ணே! சுடுகாட்டுக்குப் போயிட்டியே எங்கண்ணே!"

"அத்த, வுடு அத்த! நைனா சாவல!"

"ஆமாண்டா கண்ணு, அவரு சாவல. நம்ம கூடத்தான் கீறாரு" என்று என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"ஐயோ, நெஜமாவே சாவல! நான் பரீச்சைக்கு நடந்துகினு கீறேன்!"

"புள்ளைக்கு புத்தி பேதலிச்சிடுச்சி" என்று யாரோ ஒரு கிழவர் தலையில் அடித்துக்கொண்டார்.

நான் நிற்கவில்லை. அத்தையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே நடந்தேன். அவளும் ஒப்பாரியை விடாமல் பின்பக்கமாகவே அடியெடுத்து வைத்தாள். ரேஞ்சர் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வந்து, "கையை எடும்மா! ஆளைத் தொடாதே!" என்று கத்தினார். அதுதான் அவர் செய்த தப்பு. காக்கி உடுப்பைப் பார்த்துவிட்டு, இது போலீஸ் கேஸ், அப்பாவை அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்று ஏற்கெனவே பேச்சு பரவியிருந்தது. நடவுப் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அப்பன் செத்த புள்ளைய வெயில்ல நடக்கவுட்டு, பின்னால சைக்கிள்ல வரியே! நீயெல்லாம் சோறுதான் துன்றியா?"

"ஏம்மா, நான் போலீஸ் இல்லம்மா! நான் காட்டு இலாகா!"

"சுடுகாட்டு இலாகாவா இருந்தா எனக்கின்னா? எறங்குய்யா கீழ!"

ஒருத்தி சைக்கிள் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டாள். அதற்கப்புறம் அந்த நல்ல மனுஷர் தொந்தியையும் சைக்கிளையும் தள்ளிக்கொண்டு எங்களோடு நடந்தே வந்தார். அவரும் ஒரு காலத்தில் இதே நடையை நடந்து தேறினவர்தானாம். பார்த்தால் தெரியவில்லை.

எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அத்தையின் பாரம் கழுத்தை அழுத்தியது. நேரம் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவுதான், சீட்டு கிழிந்தது, நாளைக்கே மணியக்காரர் கூப்பிட்டனுப்புவார் என்று நினைத்தேன். அப்போது மாமா வந்தார். கிணற்றடியில் கட்டியிருந்த அதே துணியோடு வந்திருந்தார். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"ஏ, வுடுங்கம்மா அவன! கொள்ளி வெக்க வேண்டிய புள்ள. வெயிலு ஏறுது, பொணம் தாங்குமா? சீக்கிரம் போவ வாணாமா? வழி வுடுங்க!"

அத்தையின் கையைப் பிய்த்தெடுத்தது அவர்தான். உடனே எல்லோருக்கும் அந்த நியாயம் புரிந்துவிட்டது. அடுத்த நிமிஷத்திலிருந்து எனக்கு ராஜ மரியாதை. எதிரே வந்த மாட்டுவண்டிகளை ஓரங்கட்டினார்கள். ஆட்டு மந்தையைக் கழனியில் இறக்கிவிட்டார்கள். சாவு மேளத்துக்கென்று வந்திருந்தவர்கள் பின்னால் அடிக்க ஆரம்பித்தார்கள். அந்த அடிக்குக் கால் தானாக விழுந்தது. பிறகு பயிற்சியில் எத்தனையோ மலை ஏறி இறங்கியிருக்கிறேன், அப்படியொரு வேகம் எனக்கு வந்ததில்லை. எதிரே நொண்டிக்கொண்டு வந்த மெட்ராஸ்காரன் மைல்கல்லை விட்டுவிட்டு, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு மேளத்துக்குப் பின்னால் சேர்ந்துகொண்டான். யாரோ அவனையும் மகன் முறை என்று நினைத்துக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவனும் வலி தாங்காமல் நன்றாகவே அழுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். மாமா என் பக்கத்தில் நடந்துகொண்டே, "ஒரு எலும்புக்காவ எம்மச்சாங்கிட்ட பேசாம வுட்டுட்டேனே" என்று புலம்பினார். நாய் துரத்தினாலும் நிற்காமல் அப்பா நடந்த மைலையெல்லாம் அத்தை ஊர் ஊராகப் பேர் சொல்லி அழுதாள். எத்தனை மழை, எத்தனை வெயில், பிறத்தியார் வீட்டுச் சாவுக்கு இந்த ரோடில் எத்தனை நடை! எனக்கு என்னவோ ஆகிவிட்டது. உயிரோடு இருக்கிற அப்பனுக்காக நானும் வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே நடந்தேன்.

எங்கள் ஊர் வந்தது. எங்கள் குடிசை பூட்டிக் கிடந்தது. சேரியே கழனி வேலைக்குப் போயிருந்ததால், விஷயம் தெரிந்து சொல்ல அங்கே ஆளில்லை. அம்மா சொன்னபடி அப்பாவை இழுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போயிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கூட்டத்துக்கு வேறு கணக்கு. "போலீஸ் கேஸ் இல்லியா? பொணத்த உத்திரமேரூரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டாங்க!" மேளம் அங்கே நிற்காமல் உத்திரமேரூரைப் பார்த்துத் திரும்பியது.

அந்த இடத்தில்தான் மணியக்காரரின் வில்வண்டி எங்களோடு சேர்ந்துகொண்டது. சாவுக்குப் போடுகிற கோடித்துணியை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். வண்டியை என் பக்கத்தில் ஓட்டச் சொன்னார்.

"அழாதடா. அப்பன் போனா புள்ள கீது. இனிமே நீதான் பாத்துக்கணும். பெரிய தெருவுல ஒரு கெழவி இழுத்துக்கினு கெடக்குது, ரெண்டொரு நாள்ல ஒனக்கு வேல இருக்கும். வா, ஏறிக்க."

அவர் வண்டியில் எங்கள் ஆள் ஒருத்தனை ஏறச் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றைக்குப் பார்த்து ஏறக் கூடாது.

"வாணாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். துக்கத்திலும் பையனுக்கு மரியாதை தெரிகிறது என்று அவர் வண்டிக்காரனிடம் சொன்னது காதில் விழுந்தது. நடையை இன்னும் எட்டிப் போட்டேன்.

பங்களா வாசலில் வேப்பமரத்தடியில், அம்மாவுக்குப் பக்கத்தில், அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மேளச் சத்தம் கேட்டு எழுந்தார். தங்கை, மச்சான், ஊர் ஜனம் எல்லாம் மாரில் அடித்துக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு, அவரே பதறிப்போய்க் கேட்டார்.

"யாரும்மா போயிட்டாங்க?"

மேளம் நின்றது. நான் மட்டும் நிற்காமல் போய் வராந்தாப் படியைத் தொட்டேன். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குள் அத்தை பின்னால் அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். "பாவி! நடவு கூலிய வுட்டுட்டு ஓடியாந்தேனே! உசுரோடயா குந்திக்கினு கீற?" மாமா அப்பாவிடமிருந்து ஒரு பீடி வாங்கிப் பற்றவைத்துக்கொண்டார்.

ரேஞ்சர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்ததும் அதிகாரி விசாரித்தார்.

"என்னய்யா இது? வழியிலே இவனை யாராவது தூக்கினாங்களா?"

"இல்ல சார். ஒரு அம்மாவ இவன்தான் தூக்கிட்டு வந்தான்."

"வண்டி ஏறினானா?"

"கூப்பிட்டாங்க சார். ஏறல."

"நின்னானா?"

ரேஞ்சர் என்னை ஒரு தடவை பார்த்தார். "அழுதான் சார். நிக்கல."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டார். "நேரம் மிச்சம் இருக்கு. சீட்டு உனக்குத்தான். போய் முதல்லே உங்கப்பாவைப் பாரு."

திரும்பினேன். மணியக்காரர் கோடித்துணியோடு வண்டியை விட்டு இறங்கி அப்பாவின் எதிரே நின்றுகொண்டிருந்தார். "ஏண்டா, ஊர முட்டாளாக்கி வெச்சிக்கிறீங்களா? சரி, போவட்டும். ஒம்புள்ள நடைய பாத்தேன். ஒன்ன விட ஜோராத்தான் நடக்கறான். அடுத்த எழவுக்கு அவனையே அனுப்பு."

அவர் முன்னால் அப்பா தோளில் துண்டு போட்டு நின்று நான் பார்த்ததில்லை. துண்டு அக்குளுக்குப் போய்விடும், முதுகு வளைந்துவிடும். அன்றைக்குத் துண்டு தோளிலேயே கிடந்தது. அவர் என்னைப் பார்த்தார், அழுது முடித்த தன் ஜனத்தைப் பார்த்தார், கையை நீட்டி மணியக்காரரிடமிருந்து அந்தக் கோடித்துணியை வாங்கிக்கொண்டார்.

"அவன் சொல்ல வேண்டிய எழவ சொல்லிட்டான் சாமி. ஊருக்கு எழவு சொல்றவன் இன்னியோட செத்துட்டான்."